பள்ளிக்கூடத்தில் கிருமி, வீட்டில் மாரியாத்தாளா?

(ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி விஞ்ஞானக் காட்சியின்போது, பெற்றோர் கூட்டத்தில் பேசியது)



பிள்ளைகள் மேஜைமேல் வைத்திருக்கும் நான்கு டம்ளர்களை எல்லோரும் பார்த்தீர்கள். "பால் தயிராவது ஒரு விஞ்ஞானமா, எங்கள் பாட்டிக்கே தெரியுமே" என்று ஒரு அம்மாள் சொன்னது என் காதில் விழுந்தது. பாட்டிக்குத் தெரிந்தது எப்படி உறை ஊற்றுவது என்பது. ஏன் உறைகிறது என்று கேட்டவர்கள் இந்தப் பிள்ளைகள்.

ஒரே பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் நான்கு டம்ளர்களில் ஊற்றினார்கள். முதலாவதில் ஒரு கரண்டி தயிர். இரண்டாவதில் நன்றாய்க் கொதிக்கவைத்து ஆறிய தயிர் ஒரு கரண்டி. மூன்றாவதில் ஒன்றுமில்லை. நான்காவதிலும் தயிர் இல்லை; ஒரு பையன் அதன் முன் உட்கார்ந்து 108 தடவை மந்திரம் சொன்னான். (சிரிப்பு). எட்டு மணி நேரம் கழித்து உறைந்தது முதல் டம்ளர் ஒன்றுதான். அப்படியானால் தயிரில் உயிருள்ளது ஏதோ இருக்கிறது, கொதித்தால் அது சாகிறது என்று பிள்ளைகளே முடிவுக்கு வந்தார்கள். அதுதான் பாக்டீரியா. இது நமக்கு வேலை செய்யும் சாது. வாந்திபேதியைக் கொண்டுவருவது வேறு ஜாதி. (ஜாதி என்ற சொல்லை இந்த ஒரு இடத்தில் உபயோகிக்க எனக்கு ஆட்சேபணையில்லை.)

"கண்ணுக்குத் தெரியாத கிருமியை நீர் நம்புகிறீர், கண்ணுக்குத் தெரியாத கடவுளை நாங்கள் நம்புகிறோம், என்ன வித்தியாசம்?" என்று ஒரு பக்தர் கேட்டார். நல்ல கேள்விதான். ஹாலந்து தேசத்தில் லேவன்ஹூக் என்று ஒரு ஜவுளி வியாபாரி. சர்வகலாசாலைப் படிப்பில்லாதவர். தாமே கண்ணாடி தேய்த்து, மிளகு ஊறிய தண்ணீரில் சிறு ஜீவன்கள் நெளிவதைப் பார்த்து, 1676-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர்கள் உடனே கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, சந்தேகப்பட்டார்கள். 1677-ல் ராபர்ட் ஹூக் என்பவர் தாமே செய்து பார்த்து, கண்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். நம்பாதவனும் செய்து பார்த்து ருசுப்படுத்திக் கொள்ளலாம் என்பதே வித்தியாசம்.

வைரஸ் இன்னும் சிறியது. 1892-ல் ருஷியாவில் இவனோவ்ஸ்கி என்பவர், நோய் கண்ட புகையிலைச் சாற்றை பாக்டீரியா நுழையமுடியாத வடிகட்டியில் வடித்தார். வடித்த சாறும் நல்ல செடிக்கு நோயைக் கொடுத்தது. வைரஸ் தானாக வளராது. உயிருள்ள அணுவுக்குள் புகுந்துதான் பெருகும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து இதைக் கொல்லாது. ஆதலால் எந்தக் காய்ச்சலுக்கும் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்களும் ஒருவகை மூட பக்தர்களே.

இனி நான் சொல்ல வந்த சங்கதி. இந்த டம்ளர் வைத்த பெண்களில் ஒருத்தியின் தம்பிக்குச் சின்னம்மை கண்டது. "இது வைரஸ், டாக்டரிடம் போகலாம்" என்றாளாம். ஆத்தாளைப் பழிக்கிறாயா என்று வாயில் அடி! பையன் சொறிந்த கொப்புளங்களில் பாக்டீரியா புகுந்து சீழ்வைத்த பிறகே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். நகத்தை வெட்டி உடம்பைச் சுத்தமாய் வைத்திருந்தால் அந்தச் சீழைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். அம்மை வீட்டுக்கு யாரும் போகாதே என்ற பழைய கட்டுப்பாடு நல்லதுதான். கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டும்வரை அது தொற்றும். ஆனால் காரணம் வைரஸ், ஆத்தாள் கோபமல்ல.

பெரியம்மை எங்கே போயிற்று என்று யோசியுங்கள். 1796-ல் இங்கிலாந்தில் ஜென்னர் பசு அம்மைப் பாலை ஒரு பையன் கையில் குத்திப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்த ஊசியால் இந்தியாவில் 1975-க்குப் பிறகு பெரியம்மை இல்லை. உலகத்திலேயே ஒழிந்தது என்று 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. பல நூறு வருஷம் கூழ் ஊற்றியும் போகாத நோய் ஊசிக்குப் போயிற்று. ஆத்தாளுக்குக் கூழ் மட்டும் நிற்கவில்லை! (கைதட்டல்). தட்டம்மைக்கும் ஊசி இருக்கிறது, தவறாமல் போடுங்கள்.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பெண்ணை அடுத்த வருஷம் என்ன செய்வாய் என்று கேட்டேன். குழாய்த் தண்ணீர், குளத்துத் தண்ணீர், கோயில் தீர்த்தம் மூன்றையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் இருப்பது ஒன்று. அதுவும் அலமாரியில் பூட்டியிருக்கிறதாம், பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று. உடைந்தால் வேறு வாங்க இங்குள்ள பெற்றோர் பணம் சேர்த்துத் தரவேண்டும். அலமாரிச் சாவியைத் தலைமையாசிரியர் இன்றே அந்தப் பிள்ளைகளிடம் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு உட்காருகிறேன்.