பெயரும் பென்ஷனும்

நாட்டைக் காத்து வீடு திரும்பிய படைவீரருக்கு அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. ஓய்வூதியம் உண்டு. 2003ஆம் ஆண்டு முதல் முன்னாள் படைவீரருக்கெனத் தனி மருத்துவத் திட்டம் உண்டு. ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற ஏற்பாடும் 2014 ஜூலை முதல் தேதியிலிருந்து கணக்கிட்டு வழங்கப்பட்டது. ஆயினும், திட்டம் வகுப்பது வேறு. அது உரியவர் கைக்குப் போய்ச் சேர்வது வேறு. இடையில் நிற்பது பல சமயம் ஒரு பெயர்தான்.

தமிழருக்குக் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் தலைப்பெழுத்தே உண்டு. படையில் சேரும்போது அத்தலைப்பெழுத்து ஓரிடத்தில் விரிகிறது, மற்றோரிடத்தில் மறைகிறது. மனைவி பதிவேட்டில் வள்ளியம்மாள். ஆதார் அட்டையில் வள்ளியம்மை. வீரர் உயிருடன் இருக்கும்வரை இவ்வேறுபாடு எவர் கண்ணிலும் படுவதில்லை. அவர் மறைந்து, மனைவி குடும்ப ஓய்வூதியம் கோரும் நாளில்தான், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் பாரம் அந்த அம்மையார்மீது விழுகிறது.

மதராஸ் ரெஜிமெண்டின் ஆவண அலுவலகம் நீலகிரி வெல்லிங்டனில் இருக்கிறது. ஓய்வூதிய ஆணை பிறப்பது பிரயாக்ராஜில். அம்மையார் குடியிருப்பதோ ஜபல்பூரில் அல்லது புணேயில். வரும் கடிதங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, படித்துப் புரியாத கடிதம் வராத கடிதத்துக்குச் சமம் என்றே தோன்றுகிறது.

2021இல் அறிவிக்கப்பட்ட 'ஸ்பர்ஷ்' என்னும் கணினி முறை இத்தொலைவைக் குறைத்திருக்கிறது. ஓய்வூதியர் தம் விவரங்களைத் தாமே காணலாம். குறை இருந்தால் முறையிடலாம். ஆனால் பழைய ஏட்டில் பிழை இருந்தால், கணினி தானாக அதைத் திருத்திவிடாது.

செய்யத்தக்கது எளிது. ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ்வுச் சான்று பெறுகிறார்கள் அல்லவா? அவ்வேளையிலேயே வீரரின் பெயர், மனைவியின் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை அவர்கள் மொழியில் படித்துக் காட்டி ஒப்புதல் பெறலாம். பிழை கண்டால், வீரர் இருக்கும்போதே திருத்திவிடலாம். காகிதங்களை அலுவலகத்துக்கு அலுவலகம் கொண்டுசெல்லும் வேலையை மாவட்டப் படைவீரர் நல அலுவலகம் ஏற்கட்டும். விதவை ஏன் அலைய வேண்டும்?

அரசாங்கம் செய்யும்வரை நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் இல்லத்திலோ அண்டையிலோ முன்னாள் வீரர் இருந்தால், டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் ஒருங்கே வைத்துப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கமும் மாதம் ஒரு மாலையை இப்பணிக்கு ஒதுக்கலாம். அரை மணி நேர வேலை, பின்னாளில் ஒரு குடும்பத்தின் பல்லாண்டு அலைச்சலைத் தவிர்க்கும்.