ஒழுங்கைக்கும் ஓர் உரிமை உண்டு





யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளுக்குப் பன்னெடுங்காலம் திரையாக நின்றது வேலியே. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றைக் கதியாலாக நாட்டி, கிடுகோ பனையோலையோ கொண்டு அடைத்த வேலி அது. வீட்டுப் பெண்கள் முற்றத்தில் கூச்சமின்றி நடமாட அது மறைப்பாயிற்று. அதன் குழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் உதவிற்று. ஒழுங்கையால் போவோருக்கு நிழலும் கிடைத்தது. வேலியைச் சாண் சாணாக நகர்த்திய வழக்குகளும் அதே மண்ணில் நடந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெருவை அண்டிய வளவுகளில் பற்றை மண்டியது. எல்லைக் கற்கள் புதைந்தன. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் திரும்பி வந்தோர் வீடுகளை மீளக் கட்டலாயினர். வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்தது. மதிலும் நல்ல மறைப்புத்தான். ஆனால், கதியால் நாட்டப் போதுமான இடம் மதிலுக்குப் போதாது. அதற்கு அத்திவாரம் வேண்டும். அந்த அத்திவாரம் எவருடைய நிலத்தில் வெட்டப்படுகிறது? ஒழுங்கைப் பக்கம் அரை அடி தள்ளி நாம் வெட்ட, எதிர்வீட்டாரும் அவ்வாறே வெட்டினால், சந்தூக்கைச் சுமந்து செல்வோர் தோளோடு தோள் உரசித் தடுமாறும் ஒழுங்கையே மிஞ்சும். நோயாளர் வண்டி சந்தியிலேயே நின்றுவிடும்.

வழியின் அகலம் குறித்து மக்கள் பிணங்கியபோது, ஏழு முழம் விடுமாறு நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஏறத்தாழப் பத்தரை அடி. வீதியோரங்களில் அமர்வோர் வழிக்குரிய உரிமைகளைப் பேண வேண்டுமென அன்னார் கூறியபோது, முதலாவதாகக் குறிப்பிட்டது பார்வையைத் தாழ்த்துவதையே. ஆகவே, வீட்டாரின் அந்தரங்கத்தைக் காக்கும் பொறுப்பு மதில் கட்டுபவருக்கு மட்டும் உரியதன்று. வழிப்போக்கனுக்கும் அதில் பங்குண்டு.

மாடி வீடு கட்டுவோர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எகிப்தில் காரிஜா இப்னு ஹுதாபா என்பார் மேல்மாடி அறையொன்றைக் கட்டியபோது, கலீபா உமர் (ரலி) அவர்கள் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்கள். அவ்வறையில் கட்டிலொன்றைப் போட்டு, நெட்டையோ குட்டையோ அல்லாத ஒருவரை அதன்மேல் நிறுத்துக. சாளரத்தால் அயலார் வீடு தெரியுமாயின் அவ்வறையை இடித்துவிடுக என்பதே அக்கட்டளையின் கருத்து. வரலாற்றாசிரியர் இப்னு அப்துல் ஹகம் இதனைப் பதிவு செய்துள்ளார். எவ்வளவு எளிய அளவுகோல்!

இனி மரம். அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் ஸமுரா (ரலி) அவர்களுக்குச் சில பேரீச்ச மரங்கள் இருந்தன. அவர் அடிக்கடி உள்ளே வந்து போனது, அங்கு குடும்பத்துடன் இருந்த அன்ஸாரிக்குத் தொல்லையாயிற்று. விற்க, மாற்றிக்கொள்ள, அன்பளிப்பாக விட்டுக்கொடுக்க என நபியவர்கள் கேட்ட அனைத்தையும் அவர் மறுத்தார். அதன் பின்னரே அம்மரங்களைப் பிடுங்கிவிடும்படி நபியவர்கள் அன்ஸாரிக்குக் கூறியதாக அபூதாவூதில் வருகிறது. இதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞரிடையே பேச்சு உண்டெனினும், அதில் வரும் ஒழுங்குமுறை கவனிக்கத்தக்கது. மூன்று சமரசங்கள் கேட்கப்பட்ட பின்னரே மரத்துக்குத் தீங்கு. நாமோ, ஒழுங்கையோரத்துப் பூவரசு மதிலுக்குக் குறுக்கே நின்றால், முதல் நாளே கோடரியைத் தேடுகிறோம்.

வழிப்போக்கரும் கால்நடையும் நிழல் பெறும் இலந்தை மரத்தை நியாயமின்றி வெட்டுவோருக்கான எச்சரிக்கையும் அதே நூலில் உள்ளது. நாட்டின் சட்டமும் இதில் பேசாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை நம் சொந்த வளவிலேயே அனுமதியின்றித் தறிக்க இயலாது. சபைக்குரிய ஒழுங்கையில் நிற்கும் மரத்தை நாமாகத் தறிக்க நமக்கு என்ன உரிமை?

மதில் கட்டப் போகின்றவர் முதலில் உறுதியையும் வரைபடத்தையும் எடுத்து நில அளவையாளரை அழைக்கட்டும். எதிர்வீட்டாரையும் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னிலையில் கயிறு பிடிக்கட்டும். மரம் நிற்கும் இடத்தில் மதிலை உட்பக்கம் வளைத்துக் கட்டலாம். அவ்விரண்டு அடி நட்டம் நம் வளவுக்குள்ளேயே போகட்டும். கிளை வழியை மறிக்குமாயின், சபைக்கு அறிவித்து அக்கிளையை மட்டும் தறிப்பிக்கலாம்.