ஊரார் கேட்ட கணக்கு

பொதுப்பணம் எவருக்கும் சொந்தமல்லாத பணம் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அஃது எல்லோருக்கும் சொந்தமான பணம். தீப்பெட்டி வாங்கும் ஏழையும் அதன் விலையோடு வரியையும் சேர்த்தே கொடுக்கின்றான். அவ்வாறாயின், அப்பணம் செலவான வகையை அறியும் உரிமை அவனுக்கு உண்டன்றோ? இவ்வினாவை உரத்துக் கேட்டவர்களுள் இந்தியாவின் இராசத்தான் மாநிலத்துக் கூலித் தொழிலாளர் முதன்மையானவர்.

மழை பொய்க்கும் அம்மாநிலத்திலே, பஞ்ச காலங்களில் வீதி அமைத்தும் குளம் வெட்டியும் மக்களுக்கு அரசு வேலை கொடுப்பது வழக்கம். நாள் முழுதும் மண் சுமந்தவர்களுக்குச் சட்டப்படியான கூலி முழுமையாகக் கிடைப்பதில்லை. கேட்டால், செய்த வேலை குறைவென்று ஏட்டிலே பதிவாகியிருப்பதாகச் சொல்வர். அந்த ஏட்டைக் காட்டுங்கள் என்றால், அஃது அரசாங்க இரகசியம் என்பர்.

1990 ஆம் ஆண்டில் தொழிலாளரும் உழவரும் கூடி ‘மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்’ என்னும் அமைப்பை நிறுவினர். 1975 இல் இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து வந்த அருணா ராய் அதனை நிறுவியோருள் ஒருவர். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் கிராமத்தில் இவ்வமைப்பினர் முதன்முறையாக மக்கள் விசாரணை ஒன்றை நடத்தினர். ஊரார் கூடிய அவையிலே வேலையாள் இடாப்பும் பற்றுச்சீட்டுகளும் உரக்க வாசிக்கப்பட்டன. இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி பெற்றார் என்று வாசிக்க, பெயருக்குரியவர் எழுந்து உண்மையைச் சொன்னார். இத்தகைய விசாரணைகளில், இறந்தோர் பெயரிலும் கூலி எழுதப்பட்டமை வெளிப்பட்டது. கட்டி முடியாத கட்டடம் ஏட்டிலே முடிந்திருந்தது.

இங்கே ஓர் உண்மை கருதத்தக்கது. கணக்காய்வாளர் தாளைத் தாளோடு ஒப்பிடுவார். தாள்கள் பொருந்தினால் குறை காணார். ஊரவரோ தாளைத் தரையோடு ஒப்பிடுகின்றனர். எத்தனை மூடை சீமெந்து இறங்கியது என்பதை, எழுத்தறியாவிடினும், அதனைச் சுமந்த தோள் அறியும்.

ஏட்டின் பிரதியைப் பெறுவதோ எளிதாயிருக்கவில்லை. பிரதிகளைத் தருவதாக 1995 இல் மாநில முதலமைச்சர் சட்டசபையில் வாக்களித்தும் ஆணை பிறக்கவில்லை. ஆகவே 1996 இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அறப்போர் நடந்தது. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பது அவர்களின் முழக்கமாயிற்று. பின்னர், விசாரணை அவையின் முன்னே பணத்தைத் திருப்பிக் கொடுக்க இணங்கிய ஊராட்சித் தலைவர்களும் உளர். 2000 ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமும், 2005 இல் இந்தியா முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நிறைவேறின.

இலங்கையிலும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பிரதேச சபை ஒன்று மதகுக்கும் வீதிக்கும் செலவிட்ட பணத்தின் கணக்கை எழுத்து மூலம் கேட்க எந்தக் குடிமகனுக்கும் அது வழி செய்கின்றது.

ஆயினும், சட்டம் ஏட்டைத் திறக்கும் திறவுகோல் மாத்திரமே. திறந்த ஏட்டை ஊரறிய வாசிக்கவும், பிழை கண்டவிடத்துத் தான் தெரிந்தெடுத்தவரையே எழுந்து நின்று கேட்கவும் ஆள் வேண்டும். வாக்களிப்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் கடமை. கணக்குக் கேட்பது இடையிலுள்ள நாள்களின் கடமை.