வயிற்றுவலிதானே என்று படுத்துவிட வேண்டாம்



வயிறு வலித்தால் “கேஸ்ட்ரிக்” என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துப் படுப்பது நம் லயங்களில் வழக்கம். ஆனால், விடியும்வரை பொறுக்கக்கூடாத வலி ஒன்று உண்டு.

குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயை இரத்தக்கட்டி அடைத்தால், திடீரென்று தாங்கமுடியாத வலி வரும். அழுத்திப் பார்த்தால் வயிறு முதலில் மெதுவாகவே இருக்கும். வாந்தி வரும், பிறகு மலத்தில் இரத்தமும் போகலாம். வயதானவர்கள், நெஞ்சுத்துடிப்பு சீரில்லாதவர்கள், இதயநோய், பிரஷர், சீனி வியாதி உள்ளவர்கள், புகைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும். தோட்ட மருந்துச்சாலை வில்லைக்கு இது கேட்காது. ஸ்கேன் எடுத்து, அடைப்பை நீக்கி, அழுகிய பகுதியை வெட்டியெடுக்க வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயம்வரை அது ஏறாவிட்டால், தோட்ட வாகனத்தை நாம் சேர்ந்து நின்று கேட்போம்.

சாப்பிட்டு அரைமணி, ஒருமணியில் ஒவ்வொரு முறையும் வலித்து, சாப்பாட்டுக்கே பயந்து மெலிகிறவர்களும் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அதுவும் குழாய் சுருங்கியதன் அறிகுறியாக இருக்கலாம்.

ஒருநாள் பேர் போனால் போகட்டும், உயிர் போகக்கூடாது.