களத்தில் இறக்குவார்களா என்று கேளுங்கள்



ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூருக்கு வந்து பேச வேண்டும் என்று கூப்பிட்டவர்கள் தலைப்பையும் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். நன்றாகப் பந்து ஆடுகிற பிள்ளை வெளிநாட்டுக்குப் போக வேண்டுமா, இங்கேயே இருந்து வளர வேண்டுமா என்பது தலைப்பு. இதே கேள்வியை நம்மைவிட அதிகமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார் தெரியுமா? அமெரிக்கர்கள். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். நம் பிள்ளைகள் எந்த நாட்டு விசாவுக்காக ராத்திரி பகலாகப் படிக்கிறார்களோ, அந்த நாட்டில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பந்தை ஒழுங்காக உதைத்தால், அவனுடைய அப்பாவும் அம்மாவும் தூக்கமில்லாமல் யோசிக்கிறார்கள், இவனை ஜெர்மனிக்கு அனுப்பலாமா, ஹாலந்துக்கு அனுப்பலாமா என்று. அங்கே பணம் இல்லையா? மைதானம் இல்லையா? எல்லாம் இருக்கிறது. ஆனால் கால்பந்தில் பெரிய இடம் ஐரோப்பாதான் என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இது அங்கே வெறும் வீட்டுப் பேச்சாக நிற்கவில்லை. 2014-இல் அமெரிக்க தேசிய அணியின் பயிற்சியாளர் யூர்கன் கிளின்ஸ்மன், நம் ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவில் ஆடினால்தான் தேறுவார்கள் என்கிற மாதிரிப் பேசப்போக, உள்ளூர் லீக்கின் தலைவர் டான் கார்பர் பத்திரிகையாளர்களைக் கூட்டி வைத்துக் கோபப்பட்டார். சொந்த நாட்டு லீக்கைத் தேசியப் பயிற்சியாளரே மட்டம் தட்டினால் எப்படி என்று கேட்டார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. இருவருக்கும் சொந்த லாபமும் இருந்தது. ஒருவருக்கு உலகக் கோப்பை, இன்னொருவருக்கு டிக்கெட் விற்பனை. நடுவில் நிற்கிற பையனுக்கு எது நல்லது என்பதை அந்தச் சண்டையில் யாரும் அதிகம் பேசவில்லை. அந்தப் பையன் பக்கம் நின்றுதான் நான் இன்று பேசப் போகிறேன்.

மூன்று பிள்ளைகளின் கதையைக் கேளுங்கள்.

முதல் பிள்ளை கிறிஸ்டியன் புலிசிச். பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற சின்ன ஊர். பதினாறு வயதில், 2015-இல், ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்குப் போனான். தாத்தா குரோஷியாக்காரர் என்பதால் ஐரோப்பியக் கடவுச்சீட்டு கிடைத்தது. அது இல்லையென்றால் அந்த வயதில் போயிருக்கவே முடியாது. பதினேழு வயதில் பெரிய அணியில் இறங்கிவிட்டான். 2019-இல் செல்சி கிளப் அவனை வாங்கியபோது பேசிய தொகை ஆறு கோடியே நாற்பது லட்சம் யூரோ. 2021-இல் ஐரோப்பியக் கோப்பையையும் தூக்கினான். எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பையனோடு அவன் அப்பாவும் ஜெர்மனிக்குப் போய்க் குடியிருந்தார். அவரே கால்பந்துப் பயிற்சியாளர். மகன் ஆட்டத்தில் தோற்றுவிட்டு வரும் ராத்திரியில் சோறு போட வீட்டில் ஒரு ஆள் இருந்தது.

இரண்டாவது பிள்ளை லாண்டன் டோனவன். 1999-இல், பதினேழு வயதில், ஜெர்மனியின் லெவர்குசன் கிளப்புக்குப் போனான். ஊர் ஏக்கம் பிடித்துக்கொண்டது. பெரிய அணியில் இடமும் கிடைக்கவில்லை. 2001-இல் கலிபோர்னியாவுக்கே திரும்பி வந்து சான் ஹோசே அணியில் சேர்ந்தான். ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘போன வேகத்தில் வந்துட்டான்’ என்றுதான். அந்த வருடமே சான் ஹோசே கோப்பை வென்றது. அடுத்த வருடம் உலகக் கோப்பையில், இருபது வயதில், இரண்டு கோல். அமெரிக்கா காலிறுதி வரை போனது. நாட்டுக்காக அவன் அடித்த கோல் மொத்தம் 57. திரும்பி வந்தவன் தோற்றவன் என்று நினைக்கிற பெற்றோர் இங்கே யாராவது இருந்தால், இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது பிள்ளையை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. ஃப்ரெடி அடு. கானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவன். 2004-இல், பதினான்கு வயதில், காசு வாங்கி ஆடுகிற வீரன் ஆகிவிட்டான். பதினான்கு வயது! இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் வயது. அடுத்த பெலே இவன்தான் என்று டிவியெல்லாம் கூவியது. பதினெட்டு வயதில் போர்ச்சுகலின் பென்ஃபிக்காவுக்குப் போனான். அங்கே களத்தில் இறக்குவது அரிது. பிரெஞ்சு லீக்குக்கு இரவலாக அனுப்பினார்கள், கிரேக்கத்துக்கு அனுப்பினார்கள், துருக்கிக்கு அனுப்பினார்கள். பந்து ஆட வேண்டிய வயதெல்லாம் பெட்டி கட்டுவதிலேயே கழிந்தது. அவன் திறமையில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவனை வைத்து விளம்பரம் செய்தவர்களுக்குப் பொறுமை இல்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம்.

1936-இல் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் முகமது சலீம் கப்பலேறி ஸ்காட்லாந்து போனார். செல்டிக் கிளப்பில் ஆடிக்காட்டினார். பூட்ஸ் போடாமல் வெறுங்காலில், கட்டுத்துணி சுற்றிக்கொண்டு! அந்தக் கிளப்பின் பயிற்சியாளர் குனிந்து அவர் காலில் துணி சுற்றுகிற புகைப்படம் இருக்கிறது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் இந்தியனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற படம். ஆட்டத்தைப் பார்த்து அங்கேயே இருக்கச் சொன்னார்கள். அவருக்கு ஊர் ஏக்கம். கிளம்பி வந்துவிட்டார்.

அவருக்குப் பிறகு நெடுங்காலம் யாரும் இல்லை. 1999-இல் பாய்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கிளப்பில் சேர்ந்தார். ஐரோப்பியக் கிளப்பில் ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியர். அவரும் மலைப்பிள்ளைதான். சிக்கிமில் டிங்கிடாம் என்ற கிராமம். அவர் போன வழியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்பது வயதில் விளையாட்டு உதவித்தொகை பெற்று காங்டாக்கில் விடுதியில் சேர்ந்தார். பதினாறு வயதில் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால். அப்புறம் பஞ்சாபில் ஜே.சி.டி. இருபத்திரண்டு வயதில்தான் இங்கிலாந்து. ஒவ்வொரு ஊரிலும் ஆடினார், அந்த ஊரில் பெயர் வாங்கினார், பிறகு அடுத்த ஊர். நேராக டிங்கிடாமிலிருந்து விமானம் ஏறவில்லை.

சுனில் சேத்ரி கதை எல்லாருக்கும் தெரியும் என்று நினைப்பீர்கள். பாதிதான் தெரியும். 2009-இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுக்க நினைத்தது. இந்தியா உலகத் தரவரிசையில் முதல் 70-க்குள் இல்லை என்று சொல்லி அங்கே வேலை அனுமதி மறுத்துவிட்டார்கள். பிள்ளை எவ்வளவு நன்றாக ஆடினாலும் நாட்டின் ரேங்க் அவன் கழுத்தில் தொங்குகிறது! 2010-இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்குப் போனார். லீக்கில் ஒரு ஆட்டம் கூட இறக்கவில்லை. 2012-இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப். அங்கே இரண்டாம் அணியில் சில ஆட்டங்கள், அவ்வளவுதான். பிறகு பெங்களூரு வந்தார். 2024-இல் விடைபெறும்போது நாட்டுக்காக 94 கோல். (அடுத்த வருடமே திரும்பி வந்தார், அது வேறு கதை.) அந்த 94 கோலும் எந்த ஐரோப்பிய பெஞ்சிலும் உட்கார்ந்து வந்தவை அல்ல.

குர்பிரீத் சிங் சந்து கோல்கீப்பர். 2014-இல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்பில் சேர்ந்தார். அப்போது அங்கே பயிற்சியாளர் பாப் பிராட்லி என்ற அமெரிக்கர் என்பது வேடிக்கை. லீக் ஆட்டத்தில் இறங்க 2016 வரை காத்திருந்தார். கோல்கீப்பர் இடம் ஒன்றுதானே, அதில் ஒருவர் நின்றுவிட்டால் மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் காத்திருப்பு வீண் போகவில்லை. அதே 2016-இல் யூரோப்பா லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். ஊர் திரும்பியதும் பல ஆண்டுகள் இந்திய கோல் கம்பத்தை அவர்தான் காத்தார்.

தங்கைகளே, உங்களுக்கும் ஆள் இருக்கிறது. மணிப்பூரின் பாலா தேவி 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்புக்குப் போனபோது அவருக்கு வயது 29. அந்த வயதில் இனி என்ன ஆட்டம் என்று நம் ஊரில் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். அவர் போய் கோலும் அடித்தார். பஞ்சாபின் மனிஷா கல்யாண் 2022-இல் சைப்ரஸின் அப்பல்லன் அணிக்காகப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் இறங்கினார். இந்தியாவிலிருந்து அந்தப் போட்டியில் ஆடிய முதல் ஆள் அவர்தான்.

இத்தனை பேரையும் வைத்துப் பார்க்கும்போது, தூரம் ஒரு பொருட்டே இல்லை என்பது என் முடிவு. பிள்ளையைக் களத்தில் இறக்குகிறார்களா என்பது ஒன்றுதான் பொருட்டு. பதினேழு வயதிலிருந்து இருபத்தொன்று வரை ஒருவன் வாரந்தோறும் ஆட வேண்டும். ஆடாதவன் கால் மரத்துப்போகும். ஐரோப்பாவின் பெரிய கிளப்பில் பெஞ்சு தேய்ப்பதைவிட, நார்வேயிலோ சைப்ரஸிலோ சின்ன கிளப்பில் ஆடுவது மேல். அங்கேயும் ஆட இடமில்லை என்றால், கல்கத்தாவிலோ கோவையிலோ ஆடுவது மேல்.

அப்படியானால் இங்கேயே இருந்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். 2025-இல் என்ன நடந்தது? இந்தியாவின் பெரிய கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். போட்டியை நடத்துகிற ஒப்பந்தத்தில் சிக்கல் வந்து, லீக் தொடங்க வேண்டிய நேரத்தில் தொடங்கவில்லை. சேத்ரி ஆடிய பெங்களூரு கிளப்பே சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. இங்கே இரு, இங்கே வளர் என்று பிள்ளைக்குப் புத்தி சொல்கிறவர்கள் முதலில் இங்கே ஒரு லீக்கை ஒழுங்காக நடத்திக் காட்ட வேண்டும்.

இப்போது உங்கள் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் போவது என்றால் என்ன என்று ஜவ்வாது மலைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சாமை அறுத்துக் கையில் மிஞ்சியது போதாமல் காப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள் நீங்கள். மேஸ்திரி வருவார், முன்பணம் கொடுப்பார், வேன் வரும். எங்கே போகிறோம், என்ன வேலை என்பது பாதி வழியில்தான் தெரியும். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, ஆந்திர போலீஸ் சுட்டதில் இருபது பேர் செத்தார்கள். அதில் இந்த மலைப்பிள்ளைகளும் உண்டு. அவர்களை அழைத்துப் போன புரோக்கர் யார் வீட்டுக்கும் பதில் சொல்ல வரவில்லை.

பந்தாட்டத்திலும் அதே புரோக்கர் இருக்கிறார். கோட்டு போட்டிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். 2023-இல் போர்ச்சுகலில் ஒரு கால்பந்து அகாடமியில் போலீஸ் புகுந்து பார்த்தபோது, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று பல இடங்களிலிருந்து பெரிய கிளப்பில் சேர்த்துவிடுகிறோம் என்ற வாக்கை நம்பி வந்த சிறுவர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். பெற்றோர் கட்டிய பணம் யார் பையிலோ.

ஆகவே தாய்மார்களே, ஒரு சட்டத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உலகக் கால்பந்தை நடத்துகிற ஃபிஃபாவின் விதிப்படி, பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றக் கூடாது. ஐரோப்பியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும், வேறு வேலையாகக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தவர்களுக்கும் சில விலக்குகள் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அவை பெரும்பாலும் பொருந்தாது. உங்கள் பதினைந்து வயது மகனை ஸ்பெயின் கிளப்பில் சேர்க்கிறேன், இரண்டு லட்சம் கொடு என்று ஒருவர் வந்தால் அவர் பொய் சொல்கிறார். டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். டீ கூட வேண்டாம்.

போய்த் திரும்பியவர்களால் என்ன கிடைக்கும் என்பதற்கு வெளியே தேட வேண்டாம். காவலூரில் இருக்கிறதே தொலைநோக்கி, அதற்கு வைணு பாப்பு என்ற வானியல் அறிஞரின் பெயர். அவர் இளம் வயதில் ஹார்வர்டுக்குப் போனார். 1949-இல் அங்கே இருக்கும்போதே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஆனார். 1952-இல் முனைவர் பட்டம். அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம், தடுக்க ஆள் இல்லை. 1953-இல் திரும்பினார். நைனிடாலில் வேலை பார்த்தார், கொடைக்கானலில் பார்த்தார், கடைசியில் நல்ல இருட்டு வானம் தேடி இந்த மலைக்கு வந்தார். 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த அந்தத் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் அது இந்தியாவிலேயே செய்தது. வெளிநாட்டில் கற்றதை அவர் இந்த மலையில் இறக்கிவைத்தார், ஏனென்றால் இறக்கிவைக்க இங்கே ஒரு இடத்தை அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்தது.

கால்பந்துக்கு இங்கே அப்படி ஒரு இடம் வேண்டும். சரிவில் பந்து உருண்டு போனால் எடுத்துவர அரை மணி நேரம் ஓடுகிற பிள்ளைக்குக் மூச்சு நன்றாக வளரும், ஆட்டம் வளராது. சமதளமான ஒரு மைதானம், சம்பளம் வாங்குகிற ஒரு முழுநேரப் பயிற்சியாளர், வெளியூர்ப் போட்டிக்குப் போய்வர வண்டிச் செலவு. இவை இருந்தால் ஏழாம் வகுப்பிலிருந்தே அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு இங்கிருந்து பிள்ளைகள் தயாராகப் போவார்கள். விடுதியிலிருந்து மாநில அணி, அங்கிருந்து கிளப், பதினெட்டு தாண்டிய பிறகு விருப்பமிருந்தால் ஐரோப்பா.

வருகிற கிராம சபைக் கூட்டத்தில் மைதானத்துக்கும் பயிற்சியாளருக்கும் தீர்மானம் போடச் சொல்லிக் கேளுங்கள். தாய்மார்கள் நீங்களே எழுந்து கேளுங்கள், ஆண்கள் பேசட்டும் என்று விட்டுவிடாதீர்கள். தீர்மான நோட்டில் எழுதுகிற வரை கூட்டத்தை விட்டு எழுந்து போகாதீர்கள்.