ஈர்க்கப்படுவது எது? பசுமை மாற்றமும் டிஜிட்டல் மாற்றமும் புலம்பெயர் தொழிலாளரும்

(பெங்களூரு விவேக் நகரில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அரசாங்க அறிக்கைகளிலும் முதலீட்டாளர் மாநாடுகளிலும் "வட்டாரத்தின் ஈர்ப்புத் திறன்" என்னும் தொடர் அண்மைக் காலமாக அடிக்கடி கையாளப்படுகிறது. பசுமை எரிசக்தியும் டிஜிட்டல் தொழில்நுட்பமும் பின்தங்கிய வட்டாரங்களைச் சென்றடைந்தால் வேலை ஊர் தேடி வரும், மக்கள் ஊரைவிட்டு வெளியேறும் தேவை குறையும் என்பது வாதம். இதை முற்றிலும் பொய் என்று ஒதுக்கிவிட இயலாது. 2024-இல் விழுப்புரத்திலும் சேலத்திலும் தஞ்சாவூரிலும் சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. அங்கு வேலை பெறும் ஓர் இளம்பெண் பெங்களூருக்கு இரவுப் பேருந்து ஏற வேண்டியதில்லை என்றால் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஈர்க்கப்படுவது மூலதனமா, மனிதரா என்று அந்த அறிக்கைகள் பிரித்துச் சொல்வதில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதற்குக் கர்நாடகத்திலேயே சான்று உண்டு.

தும்கூரு மாவட்டத்துப் பாவகடா, வறட்சியால் நலிந்து, நெடுங்காலமாகப் பெங்களூருக்குக் கூலியாட்களை அனுப்பிவந்த வட்டாரம். அங்கு ஐந்து கிராமங்களில் ஏறத்தாழ 13,000 ஏக்கர் பரப்பில் 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்பூங்கா அமைக்கப்பட்டது. 2018 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டு, 2019 இறுதியில் முழுத் திறனை எட்டியது. நிலம் கையகப்படுத்தப்படவில்லை, குத்தகைக்கே எடுக்கப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. மழையை நம்பி நிலக்கடலை விதைத்து நட்டப்பட்ட விவசாயிக்கு இது உறுதியான வருமானம். பிற இடங்களில் நடந்த நிலப்பறிப்போடு ஒப்பிட்டால் மேலான ஏற்பாடு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் குத்தகைப் பணம் நிலம் யார் பெயரில் உள்ளதோ அவரிடமே செல்கிறது. பத்து ஏக்கர் உடையவருக்கு முதலாண்டில் 2,10,000 ரூபாய். அதே பத்து ஏக்கரில் களையெடுத்தும் கடலை பறித்தும் வயிறு வளர்த்த நிலமற்ற கூலித் தொழிலாளிக்கு ஒரு ரூபாயும் இல்லை. ஆடு மேய்த்தவரின் மேய்ச்சல் நிலமும் வேலிக்குள் அடங்கிவிட்டது. கட்டுமானக் காலத்தில் ஆட்கள் தேவைப்பட்டனர். அது முடிந்த பின்னர் பலகைகளைக் கழுவவும் புல் வெட்டவும் காவல் காக்கவும் சிலரே போதும். "மூலதனம்" முதல் தொகுதியில் மார்க்ஸ் மறைநிலையில் உள்ள சேமப்பட்டாளத்தை விளக்குகிறார்: வேளாண்மைக்கு இனித் தேவைப்படாத, நகரத்துக்குப் புறப்படும் தறுவாயில் உள்ள மக்கள் கூட்டம் அது. சூரியப் பலகையின் நிழலிலும் அந்தப் பட்டாளம் உருவாகிறது. மூலதனத்தை ஈர்க்கும் வட்டாரமே உழைப்பாளியை வெளியே தள்ளுகிறது.

பாவகடாவில் நிகழ்வது புதிய தொழில் வரும்போது ஏற்படும் இழப்பு. பழைய தொழில் மூடப்படும்போது என்ன நேரும் என்பதைக் கோலார் தங்கவயல் காட்டுகிறது. இங்குள்ள பல குடும்பங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து அந்தச் சுரங்கங்களுக்கு நீர்மின்சாரம் கொண்டுசெல்லப்பட்டது. பெங்களூரின் தெருக்கள் மின்விளக்கைக் கண்டது அதன் பின்னர், 1905-இல்தான். இன்றைய சொல்லில் அது பசுமை மின்சாரம்! தமிழகத்திலிருந்து சென்ற தலித் தொழிலாளரின் வேலை அதனால் எளிதாகிவிடவில்லை. 1930-இல் அவர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பொறியாக அமைந்தது கைரேகைப் பதிவு. உழைக்க வருபவனைக் குற்றவாளியைப் போல் பதிவு செய்வதா என்று அந்த மக்கள் கொதித்தெழுந்தனர்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மாற்றுத் தொழிலுக்கான திட்டம் எதுவும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கவில்லை. மாரிகுப்பத்திலிருந்து விடியலுக்கு முன் புறப்படும் ரயில்களே அந்த ஊருக்கு வாய்த்த மாற்றுத் திட்டம். நூறு கிலோமீட்டர் வந்து, உழைத்து, இரவில் திரும்பும் அந்த மக்கள் புலம்பெயர்ந்தோர் கணக்கில்கூட வருவதில்லை. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையில் தொழிலாளருக்கு "நியாயமான மாற்றம்" என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. நிலக்கரியை உலகம் கைவிடும் நாளில் நெய்வேலியின் ஒப்பந்தத் தொழிலாளருக்கு அச்சொல் என்ன பொருள் தரும் என்பதை இப்போதே கேட்டாக வேண்டும். சுரங்க வாயில் பூட்டப்பட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

இவ்வாறு வெளியேறுவோர் வந்து சேரும் இடங்களில் ஒன்று விவேக் நகர். குழந்தை இயேசு ஆலயத்தைச் சுற்றியுள்ள சந்துகளிலிருந்து கோரமங்களாவின் உணவகங்களும் மென்பொருள் அலுவலகங்களும் கூப்பிடு தொலைவில் உள்ளன. உணவு கொண்டுசெல்லும் இளைஞர் வாடகைக்கு எடுத்த மின் ஸ்கூட்டரை ஓட்டுகிறார். பெட்ரோல் செலவு குறைந்தது உண்மை. ஆனால் வாடகை, ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டியது. வேலையைத் தொடங்க அவர் தம் முகத்தைக் கைப்பேசிக்குக் காட்டுகிறார். 1930-இன் கைரேகை இன்று முகப்பதிவாகியுள்ளது. எதிர்த்து நிற்கச் சுரங்க வாயில் போல் ஓரிடம் இல்லை என்பதே வேறுபாடு. பெருநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்பேருந்துகளிலும் நடத்துநர் கழகத்தின் ஊழியர்; ஓட்டுநரோ ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். புகை நின்றது, நிரந்தர வேலையும் உடன் சென்றது.

நகரத்தின் ஈர்ப்பு உயர உயர, அந்நகரை நடத்துவோருக்கு அங்கு இடம் சுருங்குகிறது. 2013 ஜனவரியில் அருகிலுள்ள எஜிபுராவில் ஏழைகளின் குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டதை இப்பகுதி மறக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. முதலாளி வர்க்கம் குடியிருப்புப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றியே வைக்கிறது என்று ஏங்கெல்ஸ் 1872-இல் விளக்கியதற்கு இதைவிடத் தெளிவான உரை தேவையில்லை.

இதே மாநிலத்தில், 2020 மே மாதம், கட்டுமான முதலாளிகளைச் சந்தித்த பின்னர் அரசு தொழிலாளர் ஊர் திரும்பவிருந்த சிறப்பு ரயில்களை நிறுத்தியது. எதிர்ப்பு வெடித்த பிறகே மீண்டும் இயக்க இசைந்தது. நான்காண்டு கழித்து, 2024 ஜூலையில், தனியார் நிறுவனங்களில் மேலாண்மைப் பணிகளில் 50 விழுக்காடும் பிற பணிகளில் 70 விழுக்காடும் உள்ளூராருக்கு ஒதுக்கும் மசோதாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மென்பொருள் நிறுவனங்கள் வெளியேறிவிடும் என்ற எச்சரிக்கை எழுந்ததும் அது கிடப்பில் போடப்பட்டது. தொழிலாளி போகக் கூடாது என்றபோதும், அவர் வரக் கூடாது என்றபோதும், பின்னர் வரலாம் என்றபோதும் அவரிடம் எவரும் கேட்கவில்லை. வேலையின்மையால் வாடும் கன்னட இளைஞரின் கோபம் நியாயமானது. அதைத் தமிழரின்மீதும் பீகாரியின்மீதும் திருப்புவோரிடம் அந்த இளைஞரை விட்டுவிடக் கூடாது. பாவகடாவிலிருந்து வந்தவரும் தருமபுரியிலிருந்து வந்தவரும் ஒரே செயலியின் கீழ் வேலை செய்கின்றனர்.

போராட்டங்களின் பயனாகக் கர்நாடகத்தில் 2025-இல் செயலித் தொழிலாளருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்துள்ளது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 1 முதல் 5 விழுக்காடு வரை நலக் கட்டணம் வசூலிக்க அது வழிசெய்கிறது. காரணம் கூறி 14 நாள் முன்னறிவிப்புத் தராமல் பணிநீக்கம் செய்யலாகாது என்கிறது. குறைகள் இருப்பினும் இது ஒரு பிடிமானம். தமிழகத்தில் தனி நலவாரியம் உண்டு. 2025 நிதிநிலை அறிக்கையில் 2,000 தொழிலாளர் மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியமும் அறிவிக்கப்பட்டது. சிக்கல் அத்திப்பள்ளி எல்லையில் தொடங்குகிறது. ஓசூரில் குடியிருந்து பெங்களூரில் வண்டி ஓட்டுபவர் எந்த வாரியத்தின் உறுப்பினர்? கர்நாடகத்தில் நான்காண்டு சேர்ந்த பயன், அவர் கிருஷ்ணகிரிக்குத் திரும்பினால் உடன் செல்லுமா? எல்லையின் இருபுறமும் உள்ள தொழிற்சங்கங்கள் சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கை இது. பாவகடாவில் விவசாயத் தொழிலாளர் சங்கம், குத்தகைத் தொகைக்கு மேலாக நிலமற்றோருக்கு ஒரு பங்கு வேண்டும் எனக் கோருவதும் இதனோடு இணைந்ததே.

விவேக் நகர், நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் கிளைகள் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தம் தெருக்களில் எத்தனை பேர் செயலிவழி உழைக்கின்றனர், எவ்வூரிலிருந்து வந்தனர், வண்டி சொந்தமா வாடகையா, வாரியத்தில் பதிவு உண்டா என்று வீடு வீடாகச் சென்று எழுதி வர வேண்டும். இரவு பதினொரு மணிக்கு முன் அவர்களை வீட்டில் காண்பது அரிது. அதற்கேற்ப நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். படிவம் தமிழிலும் கன்னடத்திலும் இருக்கட்டும்.