தேர்வுத் தாளில் பாணர் எங்கே?

(இசை மாணவர்களுக்கான நெட் தேர்வுப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் தமிழ்வழியில் படித்தவர்கள். சிலருக்குத் தவிலும் நாதசுரமும் வீட்டிலிருந்தே வந்தவை. வாசிக்கச் சொன்னால் தயங்க மாட்டீர்கள். 'தியரி' என்றால்தான் பயம். அந்தப் பயத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் தேர்வைப் பார்ப்போம். முதல் தாள் பொது, 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் இசை, 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விட்டுவிட்டு வராதீர்கள். 2024 முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் இந்த மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்ளலாம் என்று யுஜிசி அறிவித்துவிட்டது. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளை ஆய்வுக்கு வர முடியுமா முடியாதா என்பதை இந்தத் தொகைதான் முடிவு செய்கிறது. அதனால் 'தேர்வெல்லாம் ஒரு பொருட்டா' என்று பேசுகிற வசதி நமக்கு இல்லை.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழில் எல்லாம் தெரிந்தவருக்கும் கேள்வி புரியாமல் போகலாம். ஆகவே இன்றே ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். வேறு எந்தப் பயிற்சியையும்விட இது உதவும்.

அடுத்து, எல்லாரும் அஞ்சுகிற 72 மேளகர்த்தா. ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு எண் போட்டுத் திருப்பினால் மேள எண் வரும் என்பார்கள். கடபயாதி என்று பெயர். நம் பிள்ளைகள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல. அந்த அட்டவணை சமஸ்கிருத எழுத்து வரிசையில் அமைந்தது. தமிழில் 'த' ஒன்றுதான். அங்கே அது நான்கு எழுத்து, 6, 7, 8, 9 என நான்கு எண். தீரசங்கராபரணத்தில் 'தீ'க்கு 9, 'ர'வுக்கு 2. 92-ஐத் திருப்பினால் 29. அந்தத் 'தீ' எந்தத் 'தீ' என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. ஆகவே அட்டவணையை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எண் தெரிந்துவிட்டால் மீதி வெறும் கணக்கு. முதல் 36 சுத்த மத்திமம், அடுத்த 36 பிரதி மத்திமம். ஆறு ஆறாகப் பிரித்தால் சக்கரம். 29 ஐந்தாவது சக்கரத்தில் ஐந்தாவது. சக்கரம் ரி-க எது என்று சொல்லும், அதற்குள் இருக்கும் இடம் த-நி எது என்று சொல்லும். ஐந்துக்கு ஐந்து: சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சதுச்ருதி தைவதம், காகலி நிஷாதம். சங்கராபரணம் வந்துவிட்டது. இதை யாரும் பரம்பரையாக வாங்கி வருவதில்லை. ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும்.

வரலாற்றுப் பகுதிதான் சிக்கல். மும்மூர்த்திகளின் ஆண்டுகள் வேண்டும். சியாமா சாஸ்திரி 1762, தியாகராசர் 1767, தீட்சிதர் 1775. படியுங்கள். கூடவே கேளுங்கள்: அவர்களுக்கு முன்னால் இந்த இசை யாரிடம் இருந்தது?

தேவாரத்துக்குப் பண் தெரியாமல் போனபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டுதான் பண் வகுத்தார்கள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அது புராணம், வரலாற்று ஆவணம் அல்ல. ஆனால் இசையறிவு பாணரிடம் இருந்தது என்பதைப் புராணத்தாலும் மறைக்க முடியவில்லை. மன்னன் பெயர் தெரியும், நம்பியாண்டார் நம்பி பெயர் தெரியும். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை.

தொல்காப்பியம் கருப்பொருள்களில் பறையையும் யாழையும் சேர்த்தே வைக்கிறது. இன்றைய பாடத்தில் யாழ் 'இசை வரலாறு'; பறை 'நாட்டார் இசை'. நடுவில் என்ன நடந்தது? தோலைத் தொடுகிறவரைத் தீண்டத்தகாதவர் ஆக்கினோம். மிருதங்கத்துக்கும் மாட்டுத் தோல் வேண்டும். வாசிப்பவர் வித்வான், தோல் பதமாக்கி மூட்டுபவர் வெறும் வேலையாள். அந்த வேலையாட்களின் பெயர்களைத் தேடிப் போனதுதான் 2020இல் வந்த டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'. அதையும் படியுங்கள். தஞ்சையில் சித்த மருத்துவராக இருந்து 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரையும் படியுங்கள். சுருதி 22 என்று சொல்லிவந்தவர்களிடம், இல்லை 24 என்று கணக்குப் போட்டு வாதாடியவர் அவர். தியரி நமக்கு வராது என்று எவராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியாக நேர்காணல். ஜே.ஆர்.எஃப். இல்லாமல் சேர்க்கைக்கு வருபவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்காணல் 30 விழுக்காடு. கணினி உங்கள் குலத்தைக் கேட்காது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பார். நேரடியாகக் கேட்க மாட்டார். ஒரு நேர்காணலில் என்னிடம் கேட்டது இதுதான்: "உங்க குரு யாரு? எந்தப் பாணி? வீட்ல யாரு பாடுவாங்க?" என் ஆய்வுத் தலைப்பைப் பற்றி அதற்குள் ஒரு கேள்விகூட வரவில்லை. இந்தக் கேள்விகளுக்குக் கூசாதீர்கள். உங்கள் குரு அரசு இசைப்பள்ளி ஆசிரியர் என்றால் அவர் பெயரை முழுமையாகச் சொல்லுங்கள். அப்பா சாவுக்குப் பறை அடிப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "என் ஆய்வு பற்றிச் சொல்லட்டுமா, ஐயா?" என்று பேச்சை நீங்களே திருப்புங்கள். அதற்கான நான்கு வாக்கியங்களை இப்போதே எழுதி, ஒருவர் முன் ஒருவர் சொல்லிப் பழகுங்கள்.

தேர்வில் அவர்கள் கேட்கிற விடையை எழுதுங்கள். அங்கே நம் வாதத்துக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் பாடத்திட்டக் குழுவில் உட்காருகிறவர்தான் பாணரை எந்த அலகில் வைப்பது என்று முடிவு செய்கிறார். அங்கே போக இந்த 200 மதிப்பெண்ணைத் தாண்ட வேண்டும்.

மதியம் கடபயாதி வகுப்பு இருக்கிறது. எல்லாரும் நோட்டோடு வாருங்கள்.